ஆளுக்கு ஒன்பது மிளகு

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விஷயத்தில் நடந்த தப்பில் பாதி என் கோபத்தால் நடந்தது. மீதிப் பாதியைக் கொடுக்காப்புளி டாட் காம் கம்பெனிக்காரர்கள் செய்தார்கள்.

என் பெயர் தமயந்தி. பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து, மர்பி டவுனிலேயே வாழ்க்கைப்பட்டு, அல்சூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் எங்கள் முதலாளி ஆபீசுக்கு இன்டர்நெட் போட்டார். லாரி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அதில் பார்க்கலாம் என்று யாரோ அவரிடம் அளந்திருக்கிறார்கள். லாரி ஒருநாளும் அதில் தெரியவில்லை. முதலாளி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் தூங்குகிற இரண்டு மணி நேரத்தில் நான் தேடிக் கண்டுபிடித்ததுதான் கொடுக்காப்புளி.

அது கோரமங்களாவில் ஆபீஸ் வைத்து நடத்திய தமிழ் வலைத்தளம். நல்ல பெயர்களையெல்லாம் மற்றவர்கள் முன்பே பதிவு செய்துவிட்டதால் அந்தப் பெயர் என்று கேள்வி. செய்தி, ராசிபலன், சாமி படம் எல்லாம் உண்டு. அதையெல்லாம் ஒருவரும் சீண்டவில்லை. எல்லோரும் போனது அரட்டைப் பகுதிக்கு. அங்கே யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், மற்றவர்கள் பதில் எழுதலாம். நான் 'மர்பிடவுன் மகாராணி' என்ற பெயரில் எழுதினேன். வீட்டில் வாயைத் திறந்தால் 'ஆரம்பிச்சுட்டியா' என்பார் என் வீட்டுக்காரர். அங்கே நான் ஆரம்பித்தால் நாற்பது பேர் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

கம்பெனிக்கு முதலாளி ரகுராம் என்கிற இருபத்தேழு வயதுப் பையன். அமெரிக்காவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன். பேப்பரில் போட்டோ பார்த்தேன், அரிசி மூட்டை மாதிரி ஒன்றில் புதைந்து உட்கார்ந்திருந்தான். மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்குக் கடிதம் எழுதுவான். 'அன்புள்ள கொடுக்காப்புளிக் குடும்பமே' என்று தொடங்கும். அவன் எங்களைக் குடும்பம் என்று கூப்பிட்ட நாளெல்லாம் எங்களிடமிருந்து எதையோ பிடுங்கியிருக்கிறான்.

ஒரு மாதம் பச்சை நிறத்தை மாற்றி ஆரஞ்சு ஆக்கினான். அதற்கே அறுநூறு கண்டனம். 'இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம்' என்று இருபது பேர் எழுதினார்கள். அப்படி எழுதிய எவரும் போனதில்லை. தன் பிரிவை நினைத்து எத்தனை பேர் அழுகிறார்கள் என்று பார்க்க ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். அடுத்த மாதம் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, ஒருவருக்கு ஒருவர் தனியாக எழுதிக்கொள்கிற வசதியைத் தூக்கினான். அதற்கடுத்த மாதம், யாரோ யாருக்கோ தப்பாகப் போன் செய்தார்களாம், பதிவில் ஏழு எண் சேர்ந்து வந்தால் எல்லாம் நட்சத்திரமாக மாறிவிடும்படி செய்தான். இடம் விட்டு எழுதினாலும் நட்சத்திரம், 'ஒன்று, இரண்டு' என்று எழுத்தில் எழுதினாலும் நட்சத்திரம். ஒரு உறுப்பினர்மேல் இருபது பேர் புகார்ப் பொத்தானை அழுத்தினால் அவர் கணக்கு தானாக மூடிக்கொள்ளும், ஏனென்றால் புகாரைப் படிக்க அங்கே சம்பளத்துக்கு ஆள் இல்லை.

படிக்கிற வேலை, திருத்துகிற வேலை எல்லாம் எங்களில் சிலருக்கே தரப்பட்டது. சம்பளம் கிடையாது, 'கிளைத் தலைவர்' என்ற பட்டம் உண்டு. சமையல், சினிமா என்று பிரித்த கிளைகளில், தன் கிளையில் யார் எழுதியதையும் திருத்தலாம், மேலே யாரும் எழுதாதபடி பூட்டலாம். சமையல் கிளைக்குத் தலைவர் மல்லேஸ்வரம் அனந்தபத்மநாபன். பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் எனக்கும் மிளகு விஷயத்தில் ஆகாது. ரசத்துக்கு ஆளுக்கு ஒன்பது மிளகு என்பது என் சட்டம். ஒன்று குறைந்தாலும் அது வெந்நீர். ஆளுக்கு மூன்று மிளகுக்குமேல் போடுவது வயிற்றுக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் சட்டம். இந்தச் சண்டை பதினான்கு பக்கம் ஓடியது. கடைசியில் தலைவர் பதவியைக் காட்டி அதைப் பூட்டினார். வயிறு எரிந்தது எனக்கு.

இவ்வளவு பேரிலும் எனக்கு வேண்டியவள் ஒருத்திதான். 'கண்ணாடி வளையல்' என்று பெயர் வைத்துக்கொண்டவள். இரண்டு வருஷமாகத் தினமும் பேசினோம். அவள் மருமகன் எந்தப் பொரியலைச் சாப்பிடமாட்டான் என்பதுவரை எனக்குத் தெரியும். அவள் ஊர் தெரியாது, பெயர் தெரியாது. ஒருமுறை கேட்டேன். 'வேணாம் மகாராணி. பேரு தெரிஞ்சா மரியாத வந்துடும். மரியாத வந்தா எல்லாத்தையும் பேச முடியாது' என்று எழுதினாள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் என் மார்பில் ஒரு கட்டி வந்தது. நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து அவளிடம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து தினமும் ஒரே வரி: 'இன்னிக்குப் போனியா?' பத்தொன்பது நாள் இதையே எழுதினாள். வேறு பேச்சே எடுக்கவில்லை. இருபதாம் நாள் ரோஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறும் கொழுப்புக் கட்டி என்றார்கள். அவளிடம் சொன்னபோது 'உனக்குக் கொழுப்புன்னு எனக்கு எப்பவோ தெரியும்' என்று எழுதினாள். நான் ஆபீசில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆகஸ்ட். ஒரு வியாழக்கிழமை வளையல் எழுதினாள்: 'கர்ப்பப்பைய எடுக்கறாங்க. திங்கட்கிழமை காலைல. சக்கர இருக்கறதால டாக்டர் கொஞ்சம் யோசிக்கறாரு. முடிஞ்சதும் வந்து எழுதறேன். ஒரு வாரத்துல எழுதலன்னா நீயே புரிஞ்சுக்க.'

நன்றாகத் திட்டி பதில் எழுதினேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

சனிக்கிழமை காலை ஆபீசுக்கு வந்து பார்த்தால் ரகுராமின் கடிதம். 'அன்புள்ள கொடுக்காப்புளிக் குடும்பமே.' வந்ததே கோபம் எனக்கு, மேலே படிக்கும் முன்பே. கம்பெனி புதிய பாதையில் போகிறதாம். அரட்டைப் பகுதியில் லாபம் இல்லையாம். நாளை ஞாயிறு மாலை ஆறு மணியோடு அது நிறுத்தப்பட்டு, அந்த இடத்தில் செல்போனுக்கு ரிங்டோன் விற்கப்படுமாம்.

அதற்குக் கீழே எண்ணூறு பதில். 'இளைஞனே, சிந்தி' என்று ஒருவர். 'ஆரஞ்சு ஆக்கினப்பவே சொன்னேன்' என்று ஒருவர். அவர்களுக்கு நடுவில் லிங்கராஜபுரம் ஓஸ்வால்ட். பொய்ப் பெயரில் எழுதுவது கோழைத்தனம் என்று சொந்தப் பெயரில் எழுதுகிறவர். மூடிப்போன ஒரு பேக்டரியில் யூனியன் செயலாளராக இருந்தவர், இப்போது பேட்டரி கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு போராட்டம் அறிவித்திருந்தார்: இணைய உண்ணாவிரதம். ஞாயிறு காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஒரு உறுப்பினரும் உள்ளே நுழையக் கூடாது. கூட்டம் பூஜ்யம் என்று தெரிந்தால் விளம்பரம் கொடுக்கிறவர்கள் ஓடுவார்கள், கம்பெனி அலறும். முடிவில் கம்பெனி முதலாளி தன் கையால் பழரசம் கொடுத்து முடித்துவைக்க வேண்டும்.

கடைசி நாள் சோற்றையும் வேண்டாம் என்று சொல்லுகிற போராட்டம் இது என்று நின்று யோசித்திருக்கலாம். நான் எங்கே யோசித்தேன்? முதல் ஆளாக எழுதினேன்: 'நாளைக்கு உள்ளே காலை வைக்கிறவன் துரோகி. பேரை எடுத்து ஊருக்கே படிச்சுக் காட்டுவேன். இது மர்பிடவுன் மகாராணி சொல்.' அதற்கு இருநூறு பேர் கை தட்டினார்கள். ஓஸ்வால்ட் என்னைப் போராட்டக் குழுத் துணைச் செயலாளர் ஆக்கினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போது முதலாளி வந்துவிட்டார், கம்ப்யூட்டரை மூடினேன். சனிக்கிழமை அரை நாள்தான், பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அல்சூர் ஏரி பக்கம் நடந்து வரும்போது நெஞ்சில் இடித்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எல்லாம் அழிந்துவிடும். வளையல் பிழைத்தாளா, போய்ச் சேர்ந்தாளா, எனக்கு எப்படித் தெரியும்? பெயர் தெரியாதவளை எந்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்பது? என் போன் நம்பரையாவது அவளிடம் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டுமானால் நாளை உள்ளே போக வேண்டும். உள்ளே போகிறவள் துரோகி என்று ஊருக்கு முன்னால் சொன்னவள் நான்தான். என் வாயை எனக்கே தைக்க வேண்டும்போல இருந்தது.

புதுப் பெயரில் போகலாம் என்றால், புது உறுப்பினரைச் சேர்க்க இரண்டு நாள் ஆகும். அதையும் ஒரு கிளைத் தலைவர்தான் பார்க்க வேண்டும். சொந்தப் பெயரில் போனால், பக்கத்தின் அடியில் 'இப்போது உள்ளே இருப்பவர்கள்' என்று பட்டியல் ஓடும். அதில் என் பெயர் ஒன்று மட்டும் மினுமினுக்கும். பட்டியலை வெளியிலிருந்தே, உள்ளே நுழையாமலே, யாரும் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரிடம் ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சிவாஜிநகருக்குப் போனேன். மர்பி டவுனில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்கு ஓஸ்வால்ட் பேட்டரி போட்டவர், அந்தப் பக்கமே போக முடியாது. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே சுனிதா என்கிற பெண் பிரவுசிங் சென்டர் நடத்தினாள். மரத்தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை.

"கொடுக்காப்புளி எழுத்து இதுல தெரியுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அந்தத் தளத்துக்குத் தனி எழுத்துரு வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

"காத்தாலேந்து அதத்தான்க்கா எல்லாரும் கேக்கறாங்க. எல்லாத்துலயும் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் சுனிதா. "என்னக்கா விசேஷம் இன்னிக்கு? வர்றவங்க ஒரு எழுத்து டைப் பண்றதில்ல. பக்கத்த திறந்து வெச்சிக்கினு சும்னே பாத்துக்கினு உக்காந்திருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. போய்த் திறந்தேன். பக்கத்தின் அடியில் இருந்தது: 'உறுப்பினர்கள்: 0. விருந்தினர்கள்: 1,140.'

அப்போது புரிந்தது. ஒருவரும் உண்ணாவிரதத்தை முறிக்கவில்லை. யார் முறிக்கிறார்கள் என்று பார்க்க அத்தனை பேரும் காலையிலிருந்து வாசலில் நிற்கிறார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்க்கிறார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வருகிற இடம் அது.

வளையலும் அந்தக் கூட்டத்தில் நிற்பாள் என்று தோன்றியது. நிற்க வேண்டுமே என்று வேளாங்கண்ணி மாதாவிலிருந்து எங்கள் தெரு மாரியம்மன்வரை எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். நேரம் நாலு. மானம் போனால் போகட்டும் என்று உள்ளே நுழைந்தேன். 'உறுப்பினர்கள்: 1. மர்பிடவுன் மகாராணி.' காது சூடாகிவிட்டது.

நம்பரை எப்படிச் சொல்வது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். ஏழு எண் சேர்ந்து வந்தால்தானே நட்சத்திரம்? சமையல் கிளையில் எழுதினேன்:

'வளையலுக்கு. ஆபரேஷன் முடிந்து குடிக்க வேண்டிய ரசம். அளவு மாறக் கூடாது, வரிசை மாறக் கூடாது. ஒரு ஆளுக்கு. தக்காளி 5. புளி 4 சுளை. பூண்டு 8 பல். கறிவேப்பிலை 7 இலை. தண்ணீர் 2 தம்ளர். மிளகு 9. மல்லித்தழை 6 கொத்து. இதை வைத்துவிட்டு எனக்குச் சொல்லு.'

எங்கள் வீட்டு நம்பர் 5487296. ஒரு ஆளுக்கு ஐந்து தக்காளி போட்டால் அது ரசம் இல்லை, தொக்கு. என் கைப்பக்குவத்தின் மானமும் போராட்டத்தின் மானமும் ஒன்றாகப் போயின. பொத்தானை அழுத்தினேன்.

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, ஓஸ்வால்ட் உள்ளே வந்தார். 'துணைச் செயலாளரே, வெட்கமாக இல்லையா? சோறு தண்ணி இல்லாமல் ஊரே காத்திருக்கும்போது ரசம் கேட்கிறதா?' என்று எழுதினார். உடனே ஒருவர் உள்ளே வந்து, 'அவரைக் கண்டிக்க நீங்கள் எப்படி உள்ளே வரலாம்?' என்று ஓஸ்வால்டைப் பிடித்தார். அவரைக் கேட்க நான்கு பேர் வந்தார்கள். அந்த நான்கு பேரைக் கேட்க நாற்பது பேர். நாலரை மணிக்கு உறுப்பினர்கள் 610. பக்கத்துத் திரைக்குள்ளிருந்து கீபோர்டை யாரோ அறைகிற சத்தம் வந்தது. எதிர்த் திரைக்குள் ஒரு ஆள், "த்தூ, இவனெல்லாம் ஒரு போராளி" என்று வாய்விட்டுச் சொன்னார். நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

திட்டினால் திட்டட்டும், எனக்கு வளையல் பார்த்தால் போதும். ரசத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று பக்கத்தைப் புதுப்பித்தேன். தக்காளி 5. புளி 4. பூண்டு 8. கறிவேப்பிலை 7. தண்ணீர் 2. மிளகு 3.

அனந்தபத்மநாபன் வேலை. கீழே அவரே எழுதியிருந்தார்: 'வயிற்றில் தையல் போட்டவருக்கு ஒன்பது மிளகு கொடுப்பது கொலை முயற்சி. தலைவர் என்ற முறையில் மூன்றாகத் திருத்தியுள்ளேன்.' ஐந்து தக்காளியை அந்த மனிதர் தொடவில்லை. பதினான்கு பக்கத்துப் பகையை மட்டும் சரியாகத் தீர்த்துக்கொண்டார்.

'ஐயா, என் ரசத்தில் கை வைக்காதீர்கள். ஒன்பதை ஒன்பதாகவே விடுங்கள்' என்று எழுதினேன். அவர் மருத்துவக் காரணம் சொன்னார். நான் அவர் வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ரசத்தைப் பூட்டிவிட்டார். இனி யாரும் அதில் எதையும் மாற்ற முடியாது.

அதற்குள் ஓஸ்வால்ட் இலைகளை எண்ணியிருக்கிறார். யூனியன் ஆள் அல்லவா, கணக்கில் கெட்டி. 'தோழர்களே, இது ரசம் இல்லை. ஏழு பொருள், ஏழு எண். பெங்களூர் டெலிபோன் நம்பருக்கும் ஏழு எண். போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் வீட்டு நம்பர் இதுதான். கூப்பிட்டு நியாயம் கேளுங்கள்' என்று தன் போராட்ட அறிவிப்பின் கீழே எழுதினார். போன் நம்பர் கொடுத்ததற்காக என்மேல் புகார்ப் பொத்தான் விழ ஆரம்பித்தது. பதினைந்து, பதினெட்டு, இருபது. திரை வெளுத்தது. 'உங்கள் கணக்கு மூடப்பட்டது. உங்கள் புரிதலுக்கு நன்றி.'

வெளியிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரகுராமின் கடிதம் வந்தது. 'அன்புள்ள கொடுக்காப்புளிக் குடும்பமே. இன்று நம் தளத்துக்கு வரலாறு காணாத கூட்டம். உங்கள் பேராதரவைக் கண்டு விளம்பரதாரர் ஒருவர் முன்வந்துள்ளார். எனவே அரட்டைப் பகுதி தொடரும்.' கீழே பழரசக் கண்ணாடித் தம்ளர் படம். உற்றுப் பார்த்தால் அது அந்த விளம்பரதாரரின் பழரசம். ஓஸ்வால்ட் 'வெற்றி, வெற்றி' என்று எழுதினார். தாங்கள் புறக்கணித்ததால்தான் கம்பெனி பணிந்தது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். சுனிதாவுக்குக் காசு கொடுத்துவிட்டு இறங்கினேன். ஜாக்கெட் துணி வாங்க மறந்துபோனேன்.

திங்கட்கிழமை ஆபீசில் இருந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'வாரத்தின் நட்சத்திரப் பதிவு: மர்பிடவுன் மகாராணியின் ரசம்.' தளம் தொடங்கியதிலிருந்து அதிகம் படிக்கப்பட்டது அதுதானாம். என் கணக்கை மூடியதும் அதே கம்பெனி, என் ரசத்தைத் தூக்கி வாசலில் மாட்டியதும் அதே கம்பெனி. மிளகு மூன்றாகவே இருந்தது. கணக்கைத் திறக்கச் சொல்லி எழுதினேன். முப்பது நாளில் பதில் வரும் என்று ஒரு மெஷின் பதில் போட்டது.

திங்கள் போனது. செவ்வாய் போனது. வளையல் எழுதவில்லை. ஆபரேஷன் செய்தவள் மறுநாளே வந்து தட்டுவாளா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் போன் அடிக்கவே இல்லை. ரிசீவரை எடுத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். "என்னாத்துக்கு அத்த நோண்டிக்கினே இருக்கே?" என்றார் வீட்டுக்காரர். எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. வளையல் ரசத்தைப் பார்த்துப் போன் செய்திருந்தால், மூன்று போட்ட நம்பருக்குத்தானே செய்திருப்பாள்? அந்த நம்பரை நானே சுற்றினேன். எடுத்தவுடனே ஒரு பெண் குரல் பாய்ந்தது.

"ஏன்ரீ, நீங்களும் ரசமா?"

"அம்மா, நான் வந்து..."

"ஞாயித்துக்கெழமெலேந்து அறுவது போனு. துரோகின்றாங்க. போராட்டத்த வித்துட்டேன்றாங்க. ஒருத்தரு, அஞ்சு தக்காளி ஏன் போட்டேன்னு அரை மணி நேரம் திட்றாரு. எங்க வூட்ல ரசமே வெக்கறதில்ல தாயி. நாங்க ராகி முத்தே, பஸ்ஸாரு கொழம்பு தின்றவங்க. இந்த எல்லம்மா யாருக்கு என்னா பண்ணா?"

மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்டது அதுவரை இரண்டு தடவை. முழுக் கதையையும் சொன்னேன்.

"ஆபரேஷன் பண்ணிக்கினவங்க யாராச்சும் பேசினாங்களா எல்லம்மா? இல்ல அவங்க வீட்டாளுங்க?"

"இல்ல தாயி. எல்லாம் திட்றவங்கதான். அப்டி ஒர்த்தரும் இல்ல." அப்புறம் கேட்டாள். "உங்க அக்காவா?"

"இல்ல."

"பேரு என்னா?"

"தெரியாது" என்றேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"வந்தா சொல்றேன், அழாதீங்க. உங்க நம்பரு சொல்லுங்க."

"இதேதான். மூணு இருக்கிற எடத்துல ஒம்போது."

வியாழக்கிழமை நான் ஆபீசுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். போனுக்குப் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரசத்தை ஊரே பார்த்தது, பார்த்தவர்கள் எல்லம்மாவைத் திட்டினார்கள், வளையல் அந்த அறுபது பேரில் இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? 'எழுதலன்னா நீயே புரிஞ்சுக்க' என்று அவள் சொன்னதை நினைத்துக்கொண்டு பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்கினேன். பதினொரு மணி சுமாருக்குப் போன் அடித்தது.

"அலோ" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. பின்னால் ஏதோ டிராலி உருள்கிற சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், மெலிந்து, மெதுவாக, இரண்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத குரல்.

"ஏம்மா, ஆளுக்கு மூணு மொளகு போட்டு மகாராணி ரசம் வெப்பாளா?"

கத்தியைக் கீழே வைத்தேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவ ஆட்டோ வந்து நிக்குது, நான் உன் ரசத்த மட்டும் அவசரமாப் பேப்பர்ல எழுதிக்கிட்டிருக்கேன், கீழ யாரு என்ன எழுதினாங்கன்னு பாக்கல. அஞ்சு தக்காளியப் பாத்ததுமே இது சோத்துக்கு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டு மூணு நாளா அதையே பாக்கறேன். மூணு மொளகு, மூணு மொளகு. பதினாலு பக்கம் சண்ட போட்டவ செத்தாலும் மூணு போடமாட்டாளே. இது அந்த ஆளு வேலன்னு தோணிச்சு. ஒம்போதப் போட்டு அடிச்சேன். நீதானே?"

"நான்தான்" என்றேன். "பாவி, நான்தான். ஏண்டி இவ்ளோ நாளு? இங்க ஒருத்தி உக்காந்து பீன்ஸைப் பவுடர் ஆக்கிக்கினு இருக்கேன். கொழுப்பா உனக்கு?"

"சிரிக்க வெக்காத மகாராணி. தையல் இழுக்குது."

"சரி, சிரிக்காத. பேசாம இரு. நிக்கறியா, உக்காந்திருக்கியா?"

"நிக்கறேன். நர்சு கண்ணுல படாம வந்தேன்."

"போய்ப் படு. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. மரியாத வந்தா வரட்டும், பேரச் சொல்லு."

சொன்னாள். அன்னம்மாள். வாணியம்பாடி. காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே பெயரையும், அவள் சொன்ன நம்பரையும் எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன்.

"உன் பேரு என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். அன்னம்மாள், "நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் மகாராணின்னுதான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, நர்சு வருகிறாள் என்று போனை வைத்தாள்.

நான் எல்லம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.